27 ஆண்டு துணைவேந்தர்

ஐயா,

துணைவேந்தர் பதவிகள் நிரப்பப்படாமல் கிடக்கும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் ஏ.எல்.முதலியாரை நினைத்துக்கொள்கிறேன். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தை நடத்தியவர். போர், விடுதலை, மொழிவாரி மாநிலங்கள், 1966இல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் என எல்லாம் அவர் காலத்தில்தான். மகப்பேறு மருத்துவரான அவர், 1952இல் சுமார் முப்பது வயதே ஆன ஜி.என்.இராமச்சந்திரனை இயற்பியல் துறைத் தலைவராக அழைத்துவந்தார். இரண்டே ஆண்டுகளில் கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பு இங்கிருந்து உலகுக்குத் தெரிந்தது. பணிமூப்பைப் பார்த்திருந்தால் அந்த நியமனம் நடந்திருக்குமா?

ஒருவரே 27 ஆண்டுகள் அமர்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், மூன்றாண்டுப் பதவிக்கே ஆள் நியமிக்காமல் இழுத்தடிப்பது அதைவிட மோசம். துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யார் இடம்பெறுவது என்ற சண்டையை அரசும் ஆளுநர் மாளிகையும் முதலில் முடிக்கட்டும்.

- ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், சென்னை