மஞ்சள் பையில் ஐந்து காகிதங்கள்: சிட்னி நண்பனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
கார்த்திகை முதல் வாரம்.

அன்புள்ள சுந்தரேசனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரமே கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

ஆஸ்திரேலியாவில் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்க இரண்டே அமைப்புகள் இருக்கின்றன, நம் நாட்டில் மட்டும் ஏன் இத்தனை என்று கேட்டிருந்தாய். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டியவன் இதற்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அன்று மாலை எதிர்வீட்டு டீச்சர் மஞ்சள் பையோடு வந்தார். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பையிலிருந்த காகிதங்களை ஊஞ்சல் பலகையில் ஒவ்வொன்றாகப் பரப்பி, "இதில் எது சார் பத்திரமானது?" என்று கேட்டார். உன் கேள்வியும் அவர் கேள்வியும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

முதல் காகிதம் வங்கியின் வைப்புத்தொகை ரசீது. இது ரிசர்வ் வங்கியின் பார்வையில், 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. வங்கி நொடித்தாலும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியதன் பயனாக 1962இல் தொடங்கிய ஏற்பாடு இது. தொடங்கியபோது உச்சவரம்பு வெறும் 1,500 ரூபாய்தான். இரண்டாவது, சொந்த ஊரின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தந்த ரசீது. பார்ப்பதற்கு முதல் ரசீதைப் போலவே இருக்கும், வட்டியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இதற்கு மாநில அரசின் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரே பொறுப்பு. அந்த 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது என்று நான் சொன்னபோது டீச்சர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது எழுதியிருக்கிறதா என்று. எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது, ஒரு நிதி கம்பெனியின் டெபாசிட் சான்றிதழும் அதோடு குத்தியிருந்த பத்துப் பங்குகளும். தான் பங்குதாரர் என்பதே அவருக்குத் தெரியாது. நிதி கம்பெனி தன் உறுப்பினரிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம் என்பதால், டெபாசிட் போட வருபவருக்குக் குறைந்தது பத்துப் பங்கையோ நூறு ரூபாய்க்கான பங்கையோ கொடுத்து உறுப்பினராக்கிவிடுவது விதி. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பர்மனெண்ட் ஃபண்டின் காலத்திலிருந்து நம் பக்கத்தில் ஊறிப்போன இந்த வகை நிறுவனம், வங்கி செய்வதில் பாதியைச் செய்தாலும், கம்பெனிச் சட்டத்தின் 406ஆவது பிரிவின்படி மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தைச் சேர்ந்தது. நான்காவது ஏலச்சீட்டின் பாஸ் புத்தகம். அதற்கு 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதைச் செயல்படுத்துவது மாநிலப் பதிவுத்துறை, அதாவது நிலப் பத்திரம் பதிகிற அதே துறை.

இது யாரும் உட்கார்ந்து திட்டமிட்ட அமைப்பல்ல. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பார்த்தால் வங்கியும் காப்பீடும் பங்குச் சந்தையும் மத்தியப் பட்டியலிலும், கூட்டுறவுச் சங்கங்களும் வட்டிக்கடைத் தொழிலும் மாநிலப் பட்டியலிலும் இருப்பது தெரியும். ஏலச்சீட்டோ அடிப்படையில் ஓர் ஒப்பந்தமே என்று கொண்டு, அதை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள ஒப்பந்தங்கள் என்ற இனத்தில் சேர்த்தது உச்ச நீதிமன்றம். அதற்குமேல் ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு சட்டம் முளைத்தது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு வந்த 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தையும், அதன்படி அமைந்த டான்பிட் சிறப்பு நீதிமன்றங்களையும் நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது நம் கிளை வாசலிலேயே எத்தனை பேர் வந்து அழுதார்கள்!

ஐந்தாவது காகிதத்தைத்தான் டீச்சர் கடைசிவரை பையிலேயே வைத்திருந்தார். அது யூலிப் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீட்டோடு சந்தை முதலீட்டையும் சேர்த்துக் கட்டிய திட்டம். கணவரின் பெயரிலிருந்த வைப்புத்தொகை முதிர்ந்து, அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில், "இதில் வட்டி கூடுதல், மேடம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எந்த வங்கி என்பதை எழுத விரும்பவில்லை. விண்ணப்பம் முழுவதையும் வேறொருவர் ஆங்கிலத்தில் நிரப்பியிருக்கிறார். கடைசியில் டீச்சரின் கையெழுத்து மட்டும் தமிழில், பள்ளிப் பதிவேட்டில் இடுவதைப் போலவே அழகாக இருக்கிறது. அடுத்த ஆண்டுத் தவணை கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் அது டெபாசிட் அல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வேண்டாமென்று திருப்பி அனுப்பத் தரப்படும் அவகாசம் அதற்குள் கடந்துவிட்டது. வங்கியில் கேட்டால் பாலிசி காப்பீட்டு நிறுவனத்துடையது என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமோ, நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்று பதில் எழுதிவிட்டது.

இந்த யூலிப்பை வைத்து இரண்டு அமைப்புகள் பகிரங்கமாக மோதிக்கொண்டதை நீ சிட்னிக்குப் போகும் முன் நாம் பேசியிருக்கிறோம். கட்டும் பணத்தின் பெரும்பகுதி பங்குச் சந்தைக்குப் போவதால் இது முதலீட்டுத் திட்டமே என்று சொல்லி, 2010 ஏப்ரல் 9 அன்று 14 காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தடை விதித்தது. மறுநாளே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அந்த ஆணையைப் பொருட்படுத்தாமல் வழக்கம்போல் விற்கலாம் என்று அதே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இரண்டும் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தவை, இரண்டின் ஆணைக்கும் சட்ட வலு உண்டு, எதற்குக் கீழ்ப்படிவது? கடைசியில் ஜூன் 18 அன்று மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, யூலிப் காப்பீடுதான் என்று தீர்த்துவைத்தது. இப்படிப்பட்ட எல்லைத் தகராறுகளைத் தீர்க்க நிதியமைச்சர் தலைமையில் ஒரு குழுவுக்கும் அதே சட்டம் வழிசெய்தது. சண்டையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் சூட்டில் கட்டணங்களுக்கு வரம்பு வந்தது. ஆனால் அந்த இரண்டு மாதமும் விவாதம் முழுவதும் இந்தத் திட்டம் யாருடையது என்பதைப் பற்றித்தான் நடந்தது. வாங்கியவரிடம் என்ன சொல்லி விற்றார்கள் என்பது பின்னுக்குப் போய்விட்டது.

இனி உன் ஊருக்கு வருகிறேன். நிதித்துறையை ஆராய உங்கள் அரசு அமைத்த வாலிஸ் குழு 1997இல் தந்த பரிந்துரைப்படி உங்களிடம் 1998 ஜூலையிலிருந்து வங்கி, காப்பீடு என்று பிரிக்காமல் வேலையைப் பிரித்திருக்கிறார்கள். நிறுவனம் நிலைத்து நிற்குமா என்று பார்ப்பது ஆப்ரா, வாடிக்கையாளரிடம் நேர்மையாக நடக்கிறதா என்று பார்ப்பது ஆசிக். 'இரட்டைச் சிகரம்' என்று இதற்குப் பெயர். காகிதத்தில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2001இல் எச்ஐஎச் காப்பீட்டு நிறுவனம் ஆப்ராவின் கண்ணெதிரே கவிழ்ந்தது. இறந்துபோனவர்களின் கணக்கிலிருந்துகூட ஆலோசனைக் கட்டணம் வசூலித்தார்கள் என்பது வங்கிகளின் முறைகேடுகளை விசாரித்த ஹெய்ன் ஆணையத்தின் விசாரணையில்தான் வெளிவந்தது. தவறு செய்தவர்களை நீதிமன்றத்துக்கு இழுக்காமல் பேசித் தீர்ப்பதையே ஆசிக் வழக்கமாக வைத்திருந்ததையும் 2019இல் வெளியான அந்த அறிக்கை கண்டித்தது. எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த பிரிட்டன் கதையும் உனக்குத் தெரியும். 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றபோது, ஒருங்கிணைந்த அந்த அமைப்பும் பேங்க் ஆஃப் இங்கிலாந்தும் நிதியமைச்சகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. 2013 ஏப்ரலில் அந்த அமைப்பைக் கலைத்து, அவர்களும் உங்கள் வழிக்கே வந்துவிட்டார்கள்.

ஆகவே எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பதில் எனக்கு உன்னளவு நம்பிக்கை இல்லை. நம் நிதித்துறைச் சட்டங்களைச் சீரமைக்க அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 2013 மார்ச்சில் தந்த அறிக்கை ஏறக்குறைய அந்த வழியைத்தான் சொன்னது. நிதித்துறையை ஆளும் 60க்கும் மேற்பட்ட சட்டங்களைச் சுருக்கி ஒரே சட்டத் தொகுப்பாக்கலாம், வங்கிகளை ரிசர்வ் வங்கியிடமே விட்டு மற்றவற்றையெல்லாம் ஓர் ஒருங்கிணைந்த முகமையிடம் ஒப்படைக்கலாம் என்றது. ஆணையத்தின் உறுப்பினர்களிலேயே சிலர் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். பண்டகச் சந்தை ஆணையத்தை 2015இல் செபியோடு இணைத்தது போன்ற சிலவற்றைத் தவிர, அந்தப் பெரிய வரைபடம் அப்படியே கிடக்கிறது. அது கிடப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதே அறிக்கையில் இருந்த வேறொரு பரிந்துரை கிடப்பில் போனதில்தான் வருத்தம். எந்த நிதி நிறுவனத்தின் மீதான புகாரானாலும் மக்கள் ஒரே இடத்தில் கொடுக்கட்டும், எந்தச் சட்டத்தில் அடங்கும் என்பதை அந்த முகமையே பார்த்துக்கொள்ளட்டும் என்று அது சொன்னது.

உங்களிடம் எனக்குப் பொறாமையூட்டுவதும் இதுதான், சிகரங்கள் அல்ல. 2018 நவம்பரில் மூன்று புகார் அமைப்புகளை ஒன்றாக்கி அஃப்கா என்று அமைத்தார்களே, அங்கே வங்கி, காப்பீடு, ஓய்வூதிய நிதி எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தானே? இங்கே ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தன் கீழுள்ள மூன்று குறைதீர்ப்புத் திட்டங்களை ஒன்றாக்கியது பெரிய முன்னேற்றம்தான். காப்பீட்டுக்கோ தனிக் குறைதீர்ப்பாளர். பங்குச் சந்தைக்குத் தனி இணையதளம். கூட்டுறவுக்கும் ஏலச்சீட்டுக்கும் அந்தந்தப் பதிவாளர் அலுவலகம். டீச்சரின் ஐந்து காகிதங்களுக்கும் ஒரே நேரத்தில் சிக்கல் வந்தால், அவர் ஐந்து படியேற வேண்டும்.

யூலிப் விஷயத்தில் இரண்டு படி ஏறியிருக்கிறோம். வைப்புத்தொகை கேட்டு வந்தவரிடம் பாலிசியை விற்றது வங்கியின் சேவைக் குறைபாடு என்று ஒரு மனுவும், அதன் தன்மையை மறைத்து விற்றது பற்றிக் காப்பீட்டுத் தரப்புக்கு ஒரு மனுவும் எழுதிக்கொடுத்தேன். இரண்டையும் டீச்சர் தன் கையாலேயே படி எடுத்தார். நான் போட்டிருந்த ஒற்றுப்பிழைகளில் மூன்றைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டினார். வங்கி பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும். அந்தக் கெடு தை பிறப்பதற்குள் முடிகிறது. என்ன ஆயிற்று என்று உனக்கு எழுதுகிறேன்.

உன் மருமகள் அந்த அஃப்காவில் ஒருமுறை புகார் கொடுத்துப் பணம் திரும்பப் பெற்றதாகப் போன ஆண்டு எழுதியிருந்தாய். எத்தனை நாளாயிற்று, யாரெல்லாம் கூப்பிட்டுப் பேசினார்கள் என்று அவளிடம் கேட்டு விவரமாக எழுது. டீச்சர் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறார்.

அன்புடன்,
உன் ராமமூர்த்தி