கரும்பு வெட்டும் குடும்பங்களுக்காகக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே, தோழர்களே,

அட்வான்ஸ் கடனில் சிக்கிக் கொத்தடிமையாகக் கரும்பு வெட்டி, மீட்கப்பட்ட குடும்பங்களைத் தாங்க அடுத்த வெட்டுப் பருவம் வரைக்கும் நம்மிடம் பணம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் கணக்குப் பார்த்து முடித்ததிலிருந்து இந்த ஒரு வரியை எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆனது, ஏன் ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

நிதி திரட்டும் பொறுப்பு என்னிடம் வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி, “மீட்டாச்சுன்னா அரசாங்கம்தான் பணம் குடுக்குதே, அப்புறம் உங்களுக்கு எதுக்கு?” என்பதுதான். நியாயமான கேள்வி. அட்வான்ஸில் சிக்கிய குடும்பத்தை மீட்டதும் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். ஆனால் முழுத் தொகையும் கைக்கு வருவது, குற்றம் செய்தவருக்கு நீதிமன்றத்தில் தண்டனை கிடைப்பதைப் பொறுத்தது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் அரிசி, பள்ளிக்கூடப் பை, வாய்தாவுக்கு வந்துபோகும் பஸ் காசு, வக்கீல் செலவு. அந்த இடைவெளியில் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரி மறுபடி வீட்டு வாசலுக்கு வருவார், புது அட்வான்ஸோடு. நீங்கள் கொடுத்த பணம் அங்கேதான் நிற்கிறது, அந்த வாசலில்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தவரைப் பற்றி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தபால் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஐநூறு ரூபாயை நேரில் கொடுக்க வந்தார். ரசீதுக்காக உட்கார்ந்திருந்தபோது என் மேஜையில் கிடந்த பட்டியலை எட்டிப் பார்த்தார்.

அந்தப் பட்டியல் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்த ஒன்று. நன்கொடை கொடுத்தவர்கள் விவரத்தை மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்பியாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பாதிப் பேருக்கு ஜிபேயில் வந்த பெயரும் தொகையும் மட்டும்தான் இருந்தது. பான் எண் போன்ற அடையாள எண் இல்லாமல் அவர்களுக்கு வரிச் சலுகைக்கான 80ஜி சான்று தர முடியாது. ஆபீசில் வேலை பார்க்கும் மற்ற எல்லோரும் களத்துக்குப் போயிருந்தார்கள். “இவங்ககிட்டெல்லாம் யாரும்மா பேசுறது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவோடும் தன் போனோடும் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பான் எண் கேட்டு வாங்கித் தருவார் என்றுதான் நினைத்தேன். அவரோ எடுத்ததும் பான் எண்ணைக் கேட்கவே இல்லை. “போன வருஷம் நீங்க அனுப்புன பணத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்று ஆரம்பிப்பார். எந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு கிடைத்தது, எந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்தது என்று முந்தின நாளே என்னிடம் கேட்டு எழுதி வைத்திருப்பார். “1976-லேயே சட்டம் போட்டு ஒழிச்சாச்சே, இன்னுமா கொத்தடிமை இருக்கு?” என்று கேட்பவர்களுக்குக் கோபப்படாமல் விளக்குவார். ஒரு அம்மா, “பணம் வேணும்னா மட்டும்தானே பேசுவீங்க” என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. இவர் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டார். அந்த அம்மா இன்றைக்கு மாதம் இருநூறு ரூபாய் அனுப்புகிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, தான் வெளிநாட்டில் இருப்பதால் அனுப்பக் கூடாது என்று நினைத்து நிறுத்தியிருந்தார். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது என்று இவர் பேசிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மறுபடி அனுப்பத் தொடங்கினார்.

பஸ் காசுகூட வாங்க மறுத்தார். ஏன் ஐயா இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் வேலை பார்த்த ஊரில், வெட்டுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் மணியார்டரை வாங்கத் தாய்மார்கள் கவுன்டருக்கு வருவார்களாம். கைநாட்டு வைத்துப் பணத்தை வாங்கித் திரும்பினால் வாசலில் மேஸ்திரி நிற்பாராம். “எண்ணி எண்ணிக் குடுப்பேன்மா. அந்தம்மா கையில அது பத்தடி தூரம்கூடத் தங்காது. எனக்கு அப்ப என்ன பண்றதுன்னு தெரியல” என்றார். சொல்லிவிட்டு அடுத்த நம்பரைப் போட்டார்.

ஐயா, உங்களை எந்த வார்த்தையில் வைத்துக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கெடுவுக்கு முன்பே பட்டியல் போய்ச் சேர்ந்தது. நின்றுபோயிருந்த பல பேர் திரும்ப வந்தார்கள். அதில் ஒரு பைசா நான் கேட்டு வந்ததில்லை.

மற்றவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. கட்டணம் வாங்காமல் வாதாடிய வக்கீல்கள், வசூல் பெட்டியோடு வகுப்பு வகுப்பாகப் போன கல்லூரிப் பிள்ளைகள், நோட்டீஸ் அடித்துவிட்டுக் காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற அச்சகத்தார், அரிசி மூட்டை இறக்கிய ரைஸ் மண்டிக்காரர், மீட்கப்பட்ட பிறகு தங்கள் முதல் கூலியில் நூறு நூறாகக் கொடுத்த குடும்பங்கள். உங்கள் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துச் சொல்வேன்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்புகள் அதை நம்மைப் போன்ற சிறிய அமைப்புகளோடு பகிர முடியாது. இனி நமக்கு உள்ளூர் மனிதர்கள்தான் எல்லாம். அதனால் இந்தப் பொறுப்பில் நான் இருக்கும்வரை ஒன்றை விடாமல் செய்வேன்: கொடுத்தவர் யாரானாலும், ஐம்பது ரூபாயானாலும், அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் போன் முதலில் போகும். அடுத்த உதவி கேட்பது அதற்குப் பிறகுதான். பொங்கலுக்குள் உங்கள் எல்லோருக்கும் அந்த அழைப்பு வரும். தயவுசெய்து எடுங்கள். ஐயாதான் பேசுவார், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்போடும் நன்றியோடும்,
நிதிப் பொறுப்பில் இருக்கும் உங்கள் தோழி