உரும்பிராய் ஆச்சிக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

எங்கள் அம்மம்மா தனது 94வது வயதில் சிவபதம் அடைந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளும் கீரிமலைக் கடற்கரையில் நிறைவடைந்துவிட்டன. செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், கண்ணீர் அஞ்சலி ஒட்டியவர்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் எங்கள் மனமார்ந்த நன்றி. ஆனால் அவருக்கு இந்த ஊரும் அயலூரும் செய்தது இந்த ஒரு மாதக் கணக்கில் அடங்காது. பழையதையும் சேர்த்துச் சொன்னால்தான் நன்றி முழுமையாகும்.

இலங்கையில் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டில் பிறந்தவர் அம்மம்மா. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அம்மப்பா இளவயதில் காலமான பிறகு, உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்து ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் எங்கள் ஊர் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அசைய இடமில்லாமல் நகர்ந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் இருந்த நகைகளையும் அம்மா எடுத்தார். அம்மம்மா குசினிக்குள் போய், அடுப்புப் புகைபடக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயப் பிடிகளை அவிழ்த்து உரப்பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டார். "இது இருந்தால் எங்கேயும் பிழைக்கலாம்" என்றாராம். பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் உள்ள மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எங்களுக்குத் தங்கள் விறாந்தையைத் தந்தது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று அவர்கள் கேட்கவேயில்லை. "பிள்ளைகள் சாப்பிட்டுதுகளோ?" என்றுதான் கேட்டார்கள். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தையும் விட்டுத் தந்தார்கள். உரப்பையில் வந்த வெங்காயத்தை அம்மம்மா அங்கே நட்டார். 1996இல் ஊர் திரும்பும்போது விளைச்சலில் பாதியை அந்த வீட்டுப் பரணில் கட்டிவிட்டுத்தான் வந்தார்.

2000ஆம் ஆண்டு சண்டை தென்மராட்சிக்கு வந்தபோது அதே குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மம்மா தன் அறையைக் கொடுத்துவிட்டு விறாந்தையில் பாய் போட்டுக்கொண்டார். 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரத் தொடங்கியதும், அதில் ஏறிக் கொடிகாமத்தில் இறங்கி, ஒரு பை நிறையப் பலகாரத்தோடு அவர்களைத்தான் முதலில் பார்க்கப் போனார். அம்மம்மாவின் பாடையை முன்னால் நின்று தோளில் சுமந்தவர்களில் ஒருவர் அந்த வீட்டுப் பேரன். தம்பி, உங்கள் வீட்டாருக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது?

அம்மம்மாவின் பிள்ளைகளில் நால்வர் கடல் கடந்து வாழ்கிறார்கள். ஊரில் இருந்தது அம்மா மட்டும். கடைசி இரண்டு வருடம் அம்மம்மா பெரும்பாலும் படுக்கையில்தான். அந்தக் காலம் முழுவதும் அம்மாவுக்கு இன்னொரு கையாக இருந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. இரவில் மணிக்கூட்டில் அலாரம் வைத்து எழும்பி வந்து, அம்மாவோடு சேர்ந்து அம்மம்மாவைப் பிரட்டிப் படுக்க வைப்பார். முதுகுக்குப் பவுடர் போட்டு, தலையை வாரிச் சின்னக் குடுமியும் கட்டிவிடுவார். ஒரு படுக்கைப்புண் கூட இல்லாமல் அம்மம்மா போனார் என்றால் அது அக்காவின் கைப்புண்ணியம். காசு கொடுக்கப் போனபோது கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை! பிள்ளைகளாகிய நாங்கள் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள் அக்கா. இதை ஊரறியச் சொல்வது எங்கள் கடமை.

சந்தியில் ஓட்டோ வைத்திருக்கும் அண்ணாவுக்கும் நன்றி. கிளினிக்குக்கு ஏற்றி இறக்கியது மட்டுமில்லை, 2024 ஜனாதிபதித் தேர்தலன்று அம்மம்மா "நான் போட்டே தீருவேன்" என்று நின்றபோது, வாக்குச்சாவடி வாசல் வரை கொண்டுபோய்க் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனவர் அவர்.

மரண வீட்டன்று கனடாவிலிருந்து பெரிய மாமா வந்து சேரும்வரை இரவிரவாகக் கண் விழித்திருந்த அயலவர்கள், பந்தல் போட்ட மரண சகாய சங்கத்தார், அடுப்பு மூட்டாத வீட்டுக்குத் தேநீரும் சாப்பாடும் கொண்டு வந்துகொண்டேயிருந்த பெண்கள், கிரியைகளை நடத்திய குருக்கள், சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடிய ஐயா, வரமுடியாத பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியில் நேரலை போட்ட தம்பி எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம். பேரப்பிள்ளைகளுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கும் முறையைச் சொல்லித் தந்த பெரியவர்களை மறக்க மாட்டோம். எங்களில் பலருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக ஒரு அறிவித்தல். அம்மம்மா வீட்டுக் கிணற்றில் குடிதண்ணீர் அள்ளுகிறவர்கள், இனி கேற் பூட்டிவிடுவார்களோ என்று அம்மாவிடம் விசாரித்ததாக அறிந்தோம். பூட்ட மாட்டோம். அம்மம்மா இருந்தபோது எப்படியோ அப்படியே விடிய ஐந்து மணிக்குக் கேற் திறந்திருக்கும். வாளியும் கயிறும் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்
உரும்பிராய்