பழைய மோட்டார் விற்கும் அண்ணன் தம்பிகளே, தெரிந்ததைச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்

வணக்கம். பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் பழைய மோட்டார்களை, அதாவது மோட்டார் சைக்கிள்களை, வாங்கிச் சீர்செய்து விற்கிற எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன். கடை போட்டு விற்பவர்கள், வீட்டு அஞ்சடியில், அதாவது முன்நடையில், இரண்டு மூன்றை நிறுத்தி வைத்து விற்பவர்கள், வாரம் முழுக்கத் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு சனி ஞாயிறில் மட்டும் இந்த வியாபாரம் செய்பவர்கள், எல்லாரும் சேர்த்தி. உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். நீங்கள் இல்லாவிட்டால் யமாஹா ஆர்எக்ஸ் இசட்டும் ஹோண்டா சி70யும் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

என் அண்ணன் மகன் போன வருஷம் ஒரு யமாஹா ஆர்எக்ஸ் இசட் வாங்கினான். இரண்டு வருஷம் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு, பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல். விற்றவர் யார், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. "தம்பி, ஸ்டாண்டர்ட் பிளாக், கைபடாத மோட்டார், அப்படியே ஈப்போ வரைக்கும் ஓட்டிப் பாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பிளாக் என்றால் பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர், ஸ்டாண்டர்ட் என்றால் குடையாமல் தொழிற்சாலை அளவிலேயே இருப்பது. பையனும் அப்படியே செய்தான். பழைய சாலை வழியாகப் போனவன் கமுந்திங்கில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே இறுகி வழுக்கியிருக்கிறது, பின்னால் ஒரு லாரி. கிளட்சைப் பிடித்து ஓரத்துக்கு வந்துவிட்டான், முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தான்.

காரணம் என்ன தெரியுமா? யமாஹா டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்க ஆட்டோலூப் பம்ப் இருக்கும். யாரோ அதைக் கழற்றிவிட்டு வாயைத் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். அப்படிச் செய்வது தப்பே இல்லை, பம்ப்பை நம்ப முடியாமல் எத்தனையோ பேர் டூ ஸ்ட்ரோக்குக்கான டூ டி எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிறார்கள், நானும் ஓட்டியிருக்கிறேன். ஆனால் கலந்து ஊற்ற வேண்டும் என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டாமா! எண்ணெய் டாங்கியில் எண்ணெய் நிறையவே இருந்தது, பம்ப் இல்லாததால் அது குறையவே இல்லை, பையன் அதைப் பார்த்து நிம்மதியாக வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு போயிருக்கிறான். ஒரே ஒரு வாக்கியம், "கலந்து ஊத்து தம்பி" என்று சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம் பிளாக்கைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் 75 என்று குத்தியிருந்தது. 56 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துளையை முக்கால் மில்லிமீட்டர் குடைந்து பெரிதாக்கிய பிளாக், அதைத்தான் ஸ்டாண்டர்ட் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஓவர்சைஸ் போடுவதும் தப்பில்லை. 75 என்று சொல்லியிருந்தால் விலை கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான், பையன் அப்போதும் வாங்கியிருப்பான்.

"ஒரிஜினல்" என்கிற சொல்லை நாம் எல்லாரும் சேர்ந்து கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். புதுப் பெயிண்ட், தாய்லாந்துக் கவர் செட், வேறு மோட்டாரின் மீட்டர், எல்லாம் போட்ட பிறகும் ஒரிஜினல். வெள்ளைக்கார மோட்டார்களில் இது இன்னும் மோசம். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை ஏறும் என்று யாரோ சொல்ல, இங்கிலாந்தில் செய்த பழைய பிஎஸ்ஏ பி31-க்குக்கூட "நம்பர் மேட்சிங்" என்று எழுதுகிறார்கள். அந்தக் காலத்து பிஎஸ்ஏக்களில் தொழிற்சாலையிலேயே இரண்டும் வேறு வேறு எண்ணாகத்தான் வரும், ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு இங்கிலாந்துக் கம்பெனியான ட்ரையம்ப்பின் கதை வேறு. 1969 முதல் எஞ்சின் எண் குத்துகிற மேடையில் கம்பெனிச் சின்னத்தைப் பொடிப்பொடியாகப் பதித்து, அதன் மேல்தான் எண்ணைக் குத்தினார்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்தில் முதலாவது மாதம், அடுத்தது ஆண்டு. பழைய எண்ணைத் தேய்த்தால் சின்னமும் சேர்ந்து போய்விடும். வழவழ மேடையில் புது எண்ணோடு ஒரு ட்ரையம்ப் போனவில் நின்றால், விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே "1970 மாடல், ஒரிஜினல்" என்று எழுதலாமா?

புல்லட்டுக்கும் இதே கதிதான். 1955-ல் மெட்ராசில் புல்லட் செய்ய ஆரம்பித்து, அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதே உருவத்தில், அதே வலது கால் கியரோடு வந்துகொண்டே இருந்தது. எண்பதுகளில் வந்த ஒரு மெட்ராஸ் புல்லட்டுக்கு இங்கிலாந்து புல்லட்டின் வேஷம் போடுவது சுலபம். மெட்ராஸ் புல்லட் என்றே சொல்லி விற்கலாமே. நம் ஊர்த் தமிழர்களில் அதைத்தான் தேடி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

கிராண்ட், அதாவது மோட்டாரின் உரிமைப் பத்திரம், அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மாற்றினாலும் நிறம் மாற்றினாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் சொல்லி கிராண்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாத மோட்டாரை வாங்கினவன் போலீஸ் ரோட் பிளாக்கில் நின்று பதில் சொல்கிறான், விற்றவரின் போன் எடுபடுவதில்லை. இன்னும் சிலர் பினாங்கில் பதிந்த பழைய "பி" நம்பருக்காக மட்டும் மோட்டாரை வாங்கி, நம்பரை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். இதற்கு நான் என்ன சொல்ல, வயிறு எரிகிறது.

நீங்கள் வாங்குகிற இடத்திலும் தெரிந்ததைச் சொல்லுங்கள். நிபோங் திபால், சுங்கை பக்காப் பக்கத் தோட்டங்களில் வயதானவர்கள் வீட்டுக்குப் பின்னால் சி70 நிற்கிறது. நம்ம பினாங்குக்காரர் லோ பூன் சியூ கொண்டுவந்த ஹோண்டாவில்தான் அந்தக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடின. அதைப் பார்த்து "பழைய இரும்பும்மா, இருநூறு வெள்ளி தரேன்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். பல மடங்கு விலைக்குப் போகும் என்று தெரிந்துகொண்டே சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர், தன் வீட்டுக்காரருடைய சி70-ஐ விற்றுக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார். எப்படி எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ அப்படியே எழுதிவிடுகிறேன். ஹோண்டா சி70, 72 சிசி, மூன்று கியர், 6 வோல்ட், இருட்டில் விளக்கு வெளிச்சம் போதாது. எஞ்சின் ஒருமுறை திறந்து ரிங் மாற்றியது, எப்போது என்று அந்த அம்மாவுக்கு நினைவில்லை. கார்பரேட்டர் பிறகு வாங்கிப் போட்டது, பழையதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார், அதையும் தருவார். பெயிண்ட் தொழிற்சாலையில் அடித்தது, பின் மட்காட்டின் அடியில் துரு. முன்னால் இடது பக்கம் ஒரு நசுங்கல், மகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும்போது மழையில் விழுந்ததாம். கிராண்ட் இறந்தவர் பெயரில் இருக்கிறது, இறந்தவர் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிற அமானா ராயாவில் மனு போட்டிருக்கிறோம், அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் விற்பனை. அதுவரை யாரும் அவர் வாசலில் இருநூறு வெள்ளியோடு போய் நிற்க வேண்டாம்.