கைநாட்டு வாங்குவது பங்கேற்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கைக்கும் உள்ளூர் மக்களுக்கும் கேடின்றி நடத்த வேண்டிய நீடித்த சூழல் சுற்றுலா குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, உள்ளூர் மக்களுக்குக் கிடைக்கும் வேலைகளைப் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால் திட்டத்தை முடிவுசெய்யும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வியைத் தொடவில்லை.

காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். விடுதி, வாகனப் பாதை, பார்வை மேடை என எல்லாம் குறித்து வண்ணத்தில் அச்சான வரைபடம் அதற்குள்ளாகவே சுவரில் தொங்கியது. "நாங்கள் தண்ணீர் எடுக்கும் ஓடைக்கு மேலேயே விடுதி வந்தால், கோடையில் எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று ஒரு மூதாட்டி எழுந்து கேட்டார். அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் வைத்த கைநாட்டோ ஊரின் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்க நாடான நமீபியா 1996-இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் மக்கள் தங்களுக்குள் எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியலும் விதிமுறைகளும் நிர்வாகக் குழுவும் அமைத்துப் பதிவுசெய்தால், காட்டுயிர்களாலும் சுற்றுலாவாலும் வரும் வருமானத்தைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையை அளித்தது. விடுதி நடத்த வரும் நிறுவனங்கள் அந்தக் குழுக்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இன்னொரு ஆப்பிரிக்க நாடான ருவாண்டா, தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் சுற்றுப்புற மக்களுக்கு 2005 முதல் அளித்துவந்த 5 சதவீதத்தை 2017-இல் 10 சதவீதமாக உயர்த்தியது. அது வரவேற்கத்தக்கதே; எனினும் வருவாயில் பங்கு பெறுவது வேறு, முடிவெடுப்பதில் பங்கு பெறுவது வேறு.

உள்ளூர் மக்கள் என்பதும் ஒற்றைக் குரல் அன்று. ஜீப் வைத்திருப்பவருக்கு லாபமான பாதை, விறகு பொறுக்கும் பெண்ணுக்கு அடைபட்ட பாதையாகலாம். ஆகவே குழுவில் யார் அமர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பயண முகவர்களும் விடுதிக்காரர்களும் வனத்துறையினரும் அதே கூட்டத்தில் உட்கார வேண்டும். விலங்குகள் குட்டி ஈனும் காலத்தில் பயணிகளைக் காட்டுக்குள் விட வேண்டாம் என்று ஊர் முடிவெடுத்து, முகவர்கள் ஆறு மாதம் முன்பே முன்பதிவை முடித்திருந்தால், அந்த முடிவால் பயன் ஏது?

வரைபடம் போடும் முன்னரே ஊரைக் கேட்க வேண்டும், வரவுசெலவை ஊரார் முன் படிக்க வேண்டும், வேண்டாம் என்று ஊர் சொன்னால் திட்டத்தைக் கைவிட வேண்டும். இம்மூன்றையும் அனுமதிக்கான நிபந்தனைகளாக்குமாறு தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்