த்ராட்டில் பாதுகாப்பு சுவிட்சை முடக்கிவிட்டு ‘சரிசெய்யப்பட்டது’ என்று பில் கொடுத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் ஸ்னோமொபைல் வாடிக்கையாளர்
(முகவரி, தொலைபேசி எண், அடிச்சட்ட எண் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: த்ராட்டில் பாதுகாப்பு சுவிட்ச் பழுதானதும், சர்வீஸ் சென்டரில் அதை முடக்கிக் கொடுத்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வாரண்டி இன்னும் முடியாத என் ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) த்ராட்டில் பாதுகாப்பு சுவிட்ச், அதாவது வேகம் கூட்டும் கைப்பிடி லீவரில் உள்ள சுவிட்ச், பழுதானது. சரிசெய்யச் சொல்லி, உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். அவர்கள் சுவிட்சை மாற்றவில்லை. அதற்குப் போகும் இரண்டு ஒயர்களையும் வெட்டி, ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி மூடிவிட்டு, பில்லில் ‘சுவிட்ச் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழுது வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இப்படிப் பழுது பார்த்ததைப் பொறுக்க முடியவில்லை.

முதலில் பழுதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் செய்தால், லீவரைத் தொடாத வரை, இன்ஜின் ஐடிலில் அழகாக ஓடும். கட்டைவிரலால் லீவரை அழுத்தினால் போதும், திணற ஆரம்பிக்கும். சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கும். கிளட்ச் பிடித்து வண்டி நகருகிற அளவுக்கு இன்ஜின் வேகம் ஏறாது. விரலை எடுத்தால் மறுபடி ஒழுங்காக ஓடும். இப்படி ஆனால் பெட்ரோலில் தண்ணீரா, பிளக் போய்விட்டதா, கார்பரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டதா என்றுதான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். அவற்றையெல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம்தான் கைப்பிடியிலிருந்து வரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே உலோக முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மல்டிமீட்டரை வைத்து லீவரை அழுத்தினால் ஒரு தடவை இணைப்பு காட்டும், அடுத்த தடவை காட்டாது, லீவரைக் கொஞ்சம் ஆட்டினால் மறுபடி காட்டும். தண்ணீர் புகாமல் காக்க வேண்டிய ரப்பர் சீல் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. பனியில் ஓடுவதற்காகவே செய்த வண்டியில் ஈரம் புகுந்து சுவிட்ச் கெடுகிறது என்றால், அதை ஓட்டுபவர் தலையில் கட்ட முடியாது.

இந்த சுவிட்ச் எதற்கு இருக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் வண்டியில் லீவரில் ஒரு சுவிட்ச், கார்பரேட்டரில் ஒரு சுவிட்ச். ஐடிலில் கார்பரேட்டர் சுவிட்ச் மூடியிருக்கும், அதாவது மின் இணைப்பு இருக்கும். லீவரை அழுத்தும்போது அது திறந்துகொள்ள, லீவர் சுவிட்ச் மூடிக்கொள்ளும். இரண்டில் ஏதாவது ஒன்று மூடியிருக்கும் வரை தீப்பொறிக்குத் தடை இல்லை. விரலை எடுத்த பிறகும், லீவரிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் கேபிளோ அதற்குள் ஏறி இறங்கும் ஸ்லைடோ உறைந்து மாட்டிக்கொண்டால் இரண்டுமே திறந்த நிலைக்கு வரும். உடனே தீப்பொறி வெட்டப்படும், கிளட்ச் விட்டுவிடும், வண்டி தானாக ஓடாது. லீவர் சுவிட்சில் களிம்பேறினால் அது மூடாது. அப்போது ஒழுங்காக ஓட்டுகிறவருக்கும் அதே தண்டனை. எனக்கு நடந்தது அதுதான்.

ஒயர்களை முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? லீவர் எப்போதும் அழுத்தியே இருக்கிறது என்று இந்த அமைப்பு நம்பிக்கொள்ளும். திணறல் போய்விடும், உண்மைதான். கூடவே, கேபிள் உறைந்தால் இன்ஜினை அடக்க அங்கே ஒன்றும் இருக்காது.

கேபிள் உறைவது அபூர்வமான விஷயமும் இல்லை. பொடிப்பனியில் ஓட்டினால் பனி எல்லா இடுக்கிலும் புகும். இன்ஜின் சூட்டில் அது உருகும். வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அந்தத் தண்ணீர் கேபிள் உறைக்குள்ளேயே மறுபடி உறைந்துவிடும். காலையில் நன்றாக இருந்த லீவர் மதியம் கட்டையாகக் கிடக்கும். அதைக் கவனிக்காமல் கிளப்புகிறவரைக் காப்பாற்றத்தான் இந்தச் சின்ன சுவிட்ச்.

சர்வீஸ் முடிந்து வந்த வண்டி அருமையாக ஓடியது. ஆனால் பில்லில் உதிரி பாகம் என்று ஒன்றுகூட இல்லை, கூலி மட்டும்தான். சந்தேகப்பட்டு, உங்கள் கையேட்டில் உள்ள சோதனையைச் செய்தேன். ஐடிலில் ஓடவிட்டு, லீவரின் அச்சு சுவிட்சைத் தொடாதபடி விரல்களால் தடுத்துப் பிடித்துக்கொண்டு லீவரை மெல்ல அழுத்த வேண்டும். இன்ஜின் திணறி, அதன் வேகம் கிளட்ச் பிடிக்கும் அளவுக்கு ஏறாமல் இருக்க வேண்டும். என் வண்டி முன்னால் பாய்ந்தது. அதை ஆளில்லாத திறந்தவெளியைப் பார்த்து நிறுத்தியிருந்தேன், பாதுகாப்புக் கயிறும் (ஓட்டுபவர் விழுந்தால் இழுபட்டு இன்ஜினை நிறுத்துவது) என் கோட்டில் மாட்டியிருந்தது. அதனால் இந்தக் கடிதம் வேறு மாதிரி எழுதப்படவில்லை.

போன் செய்து கேட்டால், “எல்லா வண்டியிலும் இப்படித்தான் செய்கிறோம், ஒரு பிரச்சினையும் வராது, கேபிளுக்கு எண்ணெய் விட்டால் போதும்” என்று பதில். வாய் கூசாமல் சொன்னார்கள். அப்படியானால் ஏன் பில்லில் ‘சுவிட்ச் நீக்கப்பட்டது’ என்று எழுதவில்லை என்று கேட்டேன். மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழுதான சுவிட்சோடு ஓட்டுவதும் ஆபத்துதான். உறைந்த ஏரி நடுவில் நின்றுபோனால், கிளம்பும் பனிப்புகையில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. மலைச்சரிவில் ஏறும்போது பாதியில் இழுவை போனால் வண்டி பின்னோக்கிச் சரியும். இதற்குப் பயந்துதான் பலர் தாங்களாகவே ஒயரை வெட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதைவிட, அந்த நிலைக்குத் தள்ளிய சுவிட்சை ஒழுங்காகச் செய்வதுதான் உங்கள் வேலை.

எனவே, லீவர் சுவிட்ச், பிளக், சீல் மூன்றையும் வாரண்டியில் புதிதாக மாற்றித் தர வேண்டும். கேபிளின் தளர்வையும் சரிபார்த்து அளவைப் பில்லில் எழுத வேண்டும். கேபிள் தளர்வு தவறினாலும் இதே தொல்லை வரும் என்பது உங்கள் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் தடுத்துப் பிடிக்கும் சோதனையை என் கண்முன் செய்துகாட்ட வேண்டும். ‘சரிசெய்யப்பட்டது’ என்று பொய்யாக எழுதிய பில்லுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த சர்வீஸ் சென்டரில் இதே போல ஒயர் முறுக்கப்பட்ட மற்ற வண்டிகளைக் கண்டுபிடித்து, அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என் வண்டியைவிட இதுதான் எனக்கு முக்கியம். தன் வண்டியில் சுவிட்ச் வேலை செய்கிறது என்று நம்பி ஓட்டுகிறவர் எத்தனை பேரோ.

அந்தச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் கையேட்டின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை அப்படியே நகலெடுத்துப் போடாதீர்கள். இவற்றைத் தெளிவாக எழுதுங்கள்: இன்ஜினைக் கிளப்பும் முன் லீவரை முழுக்க அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும், அது சட்டென்று திரும்ப வேண்டும், மெதுவாகத் திரும்பினால் அன்று ஓட்டக்கூடாது. ஒவ்வொரு இடைநிறுத்தத்துக்குப் பிறகும் இதை மறுபடி செய்ய வேண்டும். கயிற்றை எப்போதும் உடலோடு மாட்டியிருக்க வேண்டும். த்ராட்டில் மாட்டிக்கொண்டால் முதலில் கை போக வேண்டியது இன்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு, பிரேக்குக்கு இல்லை. தடித்த கையுறையோடு அந்தப் பொத்தானைக் கண்ணால் பார்க்காமல் தொட்டுப் பழக வேண்டும் என்பதையும் சேர்த்தால் நல்லது. சுவிட்ச் நன்றாக இருந்தாலும் இதெல்லாம் தேவை.

பில் நகல், முறுக்கிய ஒயரின் புகைப்படங்கள், சோதனையின் வீடியோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். டேப்பைப் பிரித்தபடியே வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்க்கட்டும். அதுவரை வண்டியை ஓட்டப்போவதில்லை. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையிடமும் நுகர்வோர் மன்றத்திடமும் இதே இணைப்புகளோடு புகார் கொடுப்பேன். பதிலைத் தயவுசெய்து அதே சர்வீஸ் சென்டர் மூலம் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்