மோல்மேன் நண்பனுக்கு, பழைய போர்டுகளைப் பற்றி

அன்புள்ள நண்பா,

பஸ் பார்சல் புதன்கிழமை கைக்கு வந்தது. ரம்புட்டான் ஒன்றுகூட நசுங்கவில்லை. பிள்ளைகள் பையைப் பிரித்த வேகத்தில் உன் கடிதத்தைக் கிழிக்காமல் விட்டதே பெரிய விஷயம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது கேட்டு மனசு லேசானது. மழைக்காலம் வந்தால் அணையெல்லாம் நிரம்பி கரண்ட் கொஞ்சம் தேறும் என்று இருந்தோம். ரங்கூனில் இன்னும் அந்த நாள் வரவில்லை. கடையில் பாதி வேலை இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோயில் தமிழ் வகுப்பில் இருக்கும் ஆறு கம்ப்யூட்டருக்கும் புதிய பயாஸ், அதாவது மெயின் போர்டின் சிப்பில் இருந்துகொண்டு மெஷினைத் துவக்கும் புரோகிராம், போடப்போவதாக எழுதியிருந்தாய். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேண்டாம். ஆறில் ஒன்றுக்குத்தான் அந்த வேலை தேவை.

நான்கு மெஷினில் தினமும் தேதி பின்னால் போய்விடுகிறது, எஃப்1 அழுத்தினால்தான் மேலே நகர்கிறது என்கிறாய். அது பயாஸின் கோளாறே இல்லை. போர்டில் தேதியைக் காக்க காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மீட்டர் வைத்துப் பார். புதிய பேட்டரி 3 வோல்ட் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே காட்டும். ஐந்தாவது மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் தொட வேண்டும்? பாதுகாப்புக்காக என்று எழுதியிருந்தாய். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தபோது, உன்னிடம் இருக்கும் கோர் 2 காலத்து சிப்புகளுக்குத் திருத்தம் தரப்போவதில்லை என்று இன்டெல் அந்த ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. உன் போர்டுகளின் கடைசி பயாஸ் அதற்கும் பல வருடம் முந்தியது. அதைப் போட்டு அந்த ஓட்டை அடைபடாது.

ஆறாவது மெஷின் விஷயம் வேறு. 65 நானோமீட்டர் பென்டியம் பிராசசரை எடுத்துவிட்டு, உனக்குக் கிடைத்த கியூ8400 என்ற நான்கு கோர் குவாடைப் போட நினைக்கிறாய். அது இன்னும் நுண்ணிய 45 நானோமீட்டர் முறையில் செய்த சிப், பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாமல் போகலாம். போர்டு கம்பெனியின் பிராசசர் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே எந்த பயாஸ் வெர்ஷனிலிருந்து என்று போட்டிருக்கும், அதைப் பார். ஒன்றை மறந்துவிடாதே. பழைய பென்டியம் போர்டில் இருக்கும்போதே பயாஸை மாற்று, அப்புறம்தான் குவாடை வை. முதலிலேயே குவாடை வைத்தால் திரையே வராமல் போகலாம்.

ஃபைல் எடுப்பதற்கு முன் போர்டைத் திறந்து மூலையைப் பார். கிகாபைட் போர்டு என்கிறாய். மாடல் பெயருக்குக் கொஞ்சம் தள்ளி, சின்ன எழுத்தில் ரெவ் 1.1, ரெவ் 2.0 என்று ஏதாவது அச்சடித்திருக்கும். ஒரே பெயர், வேறு ரிவிஷன் என்றால் பயாஸ் ஃபைலும் வேறு. பெயர் சரியாக இருக்கிறதே என்று தப்பான ரிவிஷனுடையதைப் போட்டுச் செத்த போர்டுகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அப்படியே பிராசசரைச் சுற்றிச் சின்ன உருளை மாதிரி நிற்கும் கபாசிட்டர்களின் தலையையும் பார். உப்பியிருந்தால் அந்த போர்டில் இந்த வேலையே வேண்டாம். பயாஸை எழுதிக்கொண்டிருக்கும்போது போர்டு உறைந்து நின்றுவிட்டால் சிப்பில் பாதிதான் ஏறியிருக்கும்.

கரண்ட் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். பல வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மழை மாதத்தில், அவார்ட் கம்பெனி பயாஸ் உள்ள ஒரு போர்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றுகிறது, திரை இருட்டு. போர்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது ஃபிளாப்பி டிரைவின் பச்சை விளக்கு ஒரு முறை மினுங்கியதைக் கண்டேன். பயாஸ் சிப்பில் பூட் பிளாக் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. எழுதும்போது அதைத் தொடாமல் விட்டிருந்தால், மற்றதெல்லாம் அழிந்தாலும் அது பிழைத்துக்கொண்டு ஃபிளாப்பியைத் தேடும். வேறொரு மெஷினில் ஃபிளாப்பி தயார் செய்தேன். அவார்ட் ஃபிளாஷ் புரோகிராம், பயாஸ் ஃபைல், இரண்டையும் தானாக ஓடவைக்கும் ஆட்டோஎக்ஸெக் ஃபைல். அதைச் சொருகிவிட்டு இருட்டுத் திரை முன்னால் காத்திருந்தேன். டிரைவ் கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் பட்டனைத் தொட்டேன். ஒரே ஒரு பீப், போர்டு பிழைத்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் நீ இப்படிச் செய். இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்ததும், அதற்கு வரும் மெயின் பிளக்கையே கழற்றிவிடு. கரண்ட் போகும்போதும் வரும்போதும் இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண்சிமிட்டலைப் பழைய பவர் சப்ளை தாங்காது. முழுக்கப் பேட்டரியிலேயே ஓடினால் மாறுவதற்கு ஒன்றும் இல்லை.

விண்டோஸுக்குள்ளிருந்து எழுதாதே. பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, பயாஸ் ஃபைலை மட்டும் போடு. மெஷின் துவங்கும்போது எண்ட் விசையை அழுத்தினால் பயாஸை எழுதும் கியூஃபிளாஷ் புரோகிராம் திறக்கும். அதில் முதல் வேலை, இப்போது இருக்கும் பயாஸை டிரைவில் சேமிப்பது. அந்த ஃபைலைப் பத்திரமாக வேறு இடத்திலும் ஒரு பிரதி வை. அதற்கு முன் பயாஸ் செட்டிங் பக்கங்களை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொள். எழுதி முடித்ததும் டிஃபால்ட் செட்டிங்கை ஏற்ற வேண்டும். அப்போது ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டும். நீயும் பயாஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி எழுதப் போவாய்.

போர்டில் எம் பயாஸ், பி பயாஸ் என்று இரண்டு எட்டுக்கால் சிப் இருந்தால் கொடுத்துவைத்தவன். ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும். ஒன்றுதான் என்றாலும் கலங்காதே, என்னிடம் சிப்பில் நேரடியாக எழுதும் புரோகிராமர் கருவியும், சிப்பின் கால்களைப் பிடிக்கும் கிளிப்பும் இருக்கின்றன. யாராவது கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரை மலிவாகத் தருகிறேன் என்றால் மட்டும் யோசித்து வாங்கு. சிப் 3.3 வோல்ட்டுடையது, அந்தக் கறுப்பு வகையோ டேட்டா கால்களில் 5 வோல்ட் தள்ளும். என்னுடையதை நான் திருத்தி வைத்திருக்கிறேன். படிக்கும்போது இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றாக இருந்தால்தான் நம்புவேன். கிளிப்பின் ஒரு கால் சரியாக உட்காராவிட்டாலும் ஏதோ ஒரு ஃபைல் வந்துவிடும், உள்ளே எல்லாம் குப்பை.

நான்கு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் உன் ஊர்ப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள். ஆறாவது மெஷினைத் தொடும் முன் போர்டின் மூலையையும், நீ இறக்கிய ஃபைலின் பெயரையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை எண்ட் விசையை அழுத்தாதே.

பங்குனியில் பீலிக்கான் கோயில் தீமிதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். இந்த முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

உன் பழைய கூட்டாளி
ரங்கூன்